கிணற்றில் போட்ட காற்று

வீணாகப் போகிற காற்றைப் பிடித்து அடைத்தால் கிலோவுக்கு இவ்வளவு மானியம் என்று சர்க்கார் அறிவித்தது. அடைத்த காற்றை அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வல்லத்தை ஒட்டியிருந்த சாராய ஆலையின் 1984ஆம் வருஷக் கதை இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். வெளியே மிஞ்சுவது தணிகாசலத்தின் கிணறு ஒன்றுதான்.

ஆலை மேட்டில் இருந்தது. சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகை லாரியில் கொண்டுவந்து, பெரிய தொட்டிகளில் புளிக்கவைத்து, மருந்துக்கும் வார்னிஷுக்கும் போகிற சாராயம் வடித்தார்கள். பாகு புளிக்கும்போது கரியமில வாயு பொங்கும். அதுவரை அது கூரை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதற்காக அழவில்லை. மானியம் என்றதும் முதலாளிக்கு அதன் மேல் பெற்ற பிள்ளைப் பாசம் வந்துவிட்டது. வாயுவை உறிஞ்சி, கழுவி, அழுத்தி, சிலிண்டரில் அடைக்கிற யந்திரம் ஒன்று பம்பாயிலிருந்து வந்து இறங்கியது. அதை ஓட்டுவதற்காகப் பாய்லரில் கூடுதலாக நிலக்கரி போட்டார்கள். பிடித்த வாயு புத்தகத்தில் ஏறியது. பிடிப்பதற்காக எரித்ததில் கிளம்பிய வாயு புகைபோக்கி வழியாகப் போனது. புகைபோக்கிக்குப் புத்தகம் கிடையாது.

அடைத்த வாயுவைச் சோடாக் கம்பெனிகள் வாங்கும் என்றது திட்டம். பூந்தமல்லிக் கோலி சோடாக்காரர் ஒருவர் ஒரே ஒரு சிலிண்டர் வாங்கினார். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து கேட்டில் போட்டார்.

"சோடா குடிச்சவன் பாட்லாலயே அடிக்க வரான்யா. கள்ளுக்கட வாசன வீசுதாம். நீங்களே வெச்சிக் குடிங்க."

வாயுவைச் சரியாகக் கழுவினால் அந்தப் பாகு வாசனை போயிருக்கும். கழுவுவதற்கு மானியம் இல்லை.

மேனேஜர் கோதண்டம் மூளைக்காரர். ஆலையில் இருந்தவை நாற்பது சிலிண்டர்கள்தான். காலையில் நாற்பதையும் நிரப்பி, எடை போட்டு, புத்தகத்தில் எழுதுவார்கள். மத்தியானம் அவற்றைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போய்த் திறந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் அதே நாற்பது, புதிதாக. நாளைக்கு ஒரு டன்னுக்கு மேல் வாயு பிடிபட்டது. ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் தொண்ணூறு டன். ஒரு கிலோகூட எங்கும் போகவில்லை, எல்லாம் போய்க்கொண்டேயிருந்தது.

நிரப்புகிறவன் தாவீது. திறக்கிறவன் தணிகாசலம்.

"நான் ரொப்பறேன், நீ தொறக்கறே," என்பான் தாவீது. "நாம ரெண்டு பேரும் வூட்ல குந்திகினு இருந்தாலும் இதே வேலதான் ஆவும் தணிகா."

"குந்தினா ஓவர்டைம் காசு எவன் குடுப்பான்?"

"அதுவும் சரிதான். தொற, தொற."

சிலிண்டரின் வாயைத் திறந்தால் அது போடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. சத்தம் வரக்கூடாது என்றார் மேனேஜர். யோசனை சொன்னது தணிகாசலமேதான். பின்சுவர் ஓரம் ஒரு வாய்க்கால் இருந்தது; மேலே கல் பாவியது, சுவருக்கு அடியில் நுழைந்து வெளியே போவது. சிலிண்டரின் வாயை அதற்குள் விட்டுத் திறந்தால் சத்தம் பாதியாக அமுங்கியது. மேனேஜர் அவன் தோளைத் தட்டினார். அன்றைக்கு ஒரு டீ கிடைத்தது.

சுவருக்கு வெளியே அந்த வாய்க்காலை நீட்டி வெட்டியவனும் அவன்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சரிவில் இருந்தது அவனுடைய ஒரு ஏக்கர் நிலம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆலை குளிரவைத்து வெளியே விடுகிற தண்ணீர் சும்மா மண்ணில் போகிறதே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராவோடு ராவாக வாய்க்கால் வெட்டித் தன் கிணற்றுக்குள் திருப்பிவிட்டான். ஒரு வருஷம் கிணறு கோடையிலும் தளும்பியது. ஊர் வயிறெரிந்தது. பிறகு ஆலை அந்தத் தண்ணீரையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தத் தொடங்கியது, கால் காய்ந்தது. காய்ந்த கால் கிணற்றில்தான் முடிகிறது என்பது அவனுக்குத் தெரியும். கரியமில வாயு காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி ஓடும் என்பது மட்டும் தெரியாது. அது தெரிந்த கெமிஸ்ட் ஆபீஸ் அறையில் இருந்தார். அவர் பின்பக்கம் வந்ததே இல்லை.

நவரைப் பட்டத்து நெல் பால் பிடிக்கிற நேரம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. கிணற்றுக்குள் மேல் படியில் உட்கார்ந்திருந்த மோட்டார் சேற்றைத் துப்பிவிட்டு நின்றது. அதைக் கீழ்ப்படிக்கு இறக்கினால் இன்னும் ஆறடித் தண்ணீர் எட்டும். எட்டினால் நெல். எட்டாவிட்டால் வைக்கோல்.

"பத்து நாளு," என்றாள் அவன் பெண்டாட்டி அம்சவல்லி. "பத்து நாளு தண்ணி காட்டாட்டி மாட்டுக்குத்தான் பொங்கல் வெக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து தாவீது கயிறும் கப்பியுமாக வந்தான். அந்தப் பக்கத்தில் பழங்கிணற்றில் எவனும் சும்மா இறங்குவதில்லை. முதலில் கயிற்றில் அரிக்கேன் விளக்கை ஏற்றி இறக்குவார்கள். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால், வேப்பங்கொத்தைப் பெரிதாகக் கட்டி, கயிற்றில் விட்டு மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்குவார்கள். கெட்டது ஏறிப் போனபிறகு மறுபடி விளக்கு.

விளக்கு இரண்டு ஆள் ஆழத்தில் அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். அதே இடத்தில், யாரோ வாயால் ஊதின மாதிரி, அணைந்தது. கிணற்றுப் பொந்துப் புறாக்கள் ஒரு மாதமாகச் செத்து மிதந்துகொண்டிருந்தன. பாம்பு என்று நினைத்திருந்தார்கள்.

பொழுது சாயும்வரை வேப்பங்கொத்தை இழுத்தார்கள். விளக்கு பாதிக் கிணறு வரைக்கும் எரிந்தது. இருட்டிவிட்டது. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டார்கள்.

திங்கட்கிழமை தணிகாசலம் வேலைக்குப் போய் நாற்பது சிலிண்டரைத் திறந்துவிட்டு வந்தான். வந்ததும் விளக்கை இறக்கினான். ஒரு முழம்கூடப் போகவில்லை, அணைந்தது. குனிந்து கால் வந்து சேருகிற இடத்தில் மூக்கை வைத்தான். கள்ளுக்கடை வாசனை. கோலி சோடாக்காரர் சொன்ன அதே வாசனை. தலை கிறுகிறுத்துப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இன்னாய்யா?" என்றாள் அம்சவல்லி.

"நான்தான்மே ரொப்பிகினு இருந்திருக்கேன். மூணு மாசமா."

அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"தண்ணியத் திருடக் கால் வெட்டினே. அதே கால்ல வெசத்த ஊத்திகினே. அதுக்கு ஓவர்டைம் காசு வேற வாங்கிகினே. ஒரு டீயும் குடிச்சியா?"

"குடிச்சேன்."

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் போனான். சிலிண்டரை முன்பக்கம் திறக்கிறேன், கால் வேண்டாம், இரண்டு நாள் லீவு வேண்டும் என்றான். கோதண்டம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்கு மெட்ராஸ்லேர்ந்து மானிய ஆபீசர் வர்றாரு. முன்பக்கம் தொறக்கறியா? பேண்டு வாத்தியம் வெச்சித் தொறயேன். லீவாம் லீவு. போய் சிலிண்டருக்குப் பெயிண்ட் அடி."

பத்து மணிக்கு ஜீப் வந்தது. இறங்கிய ஆபீசருக்கு இளநீர் கொடுத்தார்கள், யந்திரத்தைக் காட்டினார்கள், புத்தகத்தைக் காட்டினார்கள். அவர் பி.எஸ்ஸி. படித்தவர் என்று கோதண்டம் எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தார். பயந்த மாதிரியே ஆயிற்று. ஆபீசர் தொண்ணூறு டன் என்று எழுதியிருந்ததைப் படித்தார்; நாற்பது சிலிண்டரைப் பார்த்தார்.

"விற்பனை ரசீது ஒண்ணுதான் இருக்கு. மிச்சமெல்லாம் எங்கே வெச்சிருக்கீங்க?"

கோதண்டம் வாயைத் திறந்தார். அதிலிருந்து காற்றுகூட வரவில்லை.

பெயிண்ட் பிரஷ்ஷோடு நின்ற தணிகாசலத்துக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. குட்டு உடைந்தால் யந்திரம் நிற்கும், கிணறு பிழைக்கும், நெல் பிழைக்கும். வேலை போனால் போகட்டும்.

"எங்க கெணத்துல கீது சார்," என்றான். "வந்து பாருங்க."

சரிவில் இறங்கிப் போனார்கள். தணிகாசலம் விளக்கை ஏற்றி இறக்கினான். அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினான். அணைந்தது. ஆபீசர் கிணற்றையும் வாய்க்காலையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே," என்றார். "நிலத்துக்கு அடியிலேயே சேமிச்சிருக்கீங்க!"

கோதண்டத்துக்கு உயிர் வந்தது. "ஆமா சார். சோதனை முயற்சி. முடிஞ்சபிறகு சொல்லலாம்னு இருந்தோம்."

"சிலிண்டர் செலவே இல்லையே! இதுக்குத் தனி மானியம் கேட்டு நான் எழுதறேன்."

அந்தக் கிணற்றின் நீள அகல ஆழத்தைப் பெருக்கினால், வாய்வரை நிரப்பினாலும் ஒரு டன் பிடிக்காது. எட்டாம் வகுப்புப் பையன் மணலில் குச்சியால் போட்டுச் சொல்லிவிடுவான். ஆபீசர் தொண்ணூறு டன், திருப்திகரம் என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இதை யாரும் தொடக்கூடாது. பலகை போட்டு மூடி சீல் வைங்க. கசிஞ்சா மானியம் ரத்து."

"சார், என் நெல்லு," என்றான் தணிகாசலம்.

"நஷ்டஈடு கொடுத்துடுவாங்கப்பா. நாட்டுக்கு நல்லது." ஜீப் ஏறினார்.

உண்மையைச் சொன்னவனுக்கு அன்றைக்குக் கிடைத்த பரிசு, சாயங்காலம் பலகையும் ஆணியும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே வந்தது. கோதண்டம் நேரில் வந்திருந்தார். குழைந்தார்.

"உனக்கு வாட்ச்மேன் போஸ்ட் தணிகாசலம். உங்க கெணத்தப் பாத்துகினு குந்தறதுக்கு மாசச் சம்பளம். எவனுக்குக் கெடைக்கும்?"

அம்சவல்லி வாசலுக்கு வந்தாள்.

"கெணத்துல தண்ணி எறைக்கக் கூடாது. ஆனா காத்துக்குக் காவல் குந்தலாம். இந்தாள அடுத்தாப்புல நெழலுக்குத் தாலி கட்டச் சொல்லு சார். அதுக்கும் மானியம் இருக்கும்."

"பொம்பள பேசற பேச்சா இது? காலைல ஆளோட வரேன். நல்ல முடிவா சொல்லு." பலகையைத் தடாலென்று கீழே போட்டுவிட்டுப் போனார்.

பொழுது விடியும்போது தணிகாசலம் வாய்க்காலுக்குள் களிமண்ணை அடைத்து மிதித்துக்கொண்டிருந்தான். தாவீது ஷிப்டுக்குப் போகாமல் வந்து வேப்ப மரத்தில் ஏறினான். மூன்று பேரும் கொத்தை இழுத்தார்கள். நூறு தடவைக்கு ஒரு முறை விளக்கு இறங்கியது. ஒரு ஆள், ஒன்றரை ஆள், இரண்டு. உள்ளங்கை தோல் உரிந்தது. குடம் குடமாகத் தண்ணீரை மேலிருந்து விசிறி ஊற்றினாள் அம்சவல்லி. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு தண்ணீர் மட்டம் வரை போய், அங்கேயே நின்று எரிந்தது. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிந்தது.

இடுப்பில் கயிறு கட்டி தணிகாசலம் இறங்கினான். விளக்கு அவன் காலுக்குக் கீழேயே போனது. தாவீது மேலிருந்து கப்பிக் கயிற்றில் மோட்டாரை இறக்க, அவன் கீழ்ப்படியில் வாங்கி முடுக்கினான். ஸ்விட்ச் போட்டபோது முதலில் சேறு வந்தது. அப்புறம் தண்ணீர்.

கோதண்டம் நான்கு ஆட்களோடு வந்து சேர்ந்தபோது வயலின் வாய்மடையில் தண்ணீர் திரும்பிவிட்டது. அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். விளக்கு உள்ளே சாவதானமாக எரிந்துகொண்டிருந்தது.

"பாவி! தொண்ணூறு டன்னுய்யா! எங்கய்யா போச்சு?"

ஈரத்தோடு நின்ற தணிகாசலம் அவரைப் பார்த்தான்.

"இப்ப ஒரு மூச்சு இழுத்தியே சார்," என்றான். "அதுல கொஞ்சம் கீது."

தாவீது சிரித்தான். அதற்காக அவனுக்கும் வேலை போனது. இருவருக்கும் ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கசிந்த கதை வெளியே போனால் மானியம் ரத்து என்பதால் கிணற்றைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

நெல்லில் பாதி பதராகப் போயிற்று. நான்கு நாள் தாமதம். நெல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மீதிப் பாதியை அம்சவல்லி தூற்றி எடுத்தாள். அடுத்த வருஷம் ஆபீசர் சேமிப்பைச் சோதிக்க வந்தார். ரோட்டிலிருந்தே கிணற்றைக் காட்டினார்கள். ஜீப்பை நிறுத்தவில்லை. கசிவு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். கிணற்றுக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.