ஐந்து பேர் தூக்கிய பிள்ளையார்

சோணைமுத்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அபிராமம் பக்கத்தில் ஐந்து ஏக்கர் நிலம், ஊர்ப் பிள்ளையார் கோயில் தலைவர் பதவி, வேறென்ன குறை? பையன்கள் அடித்த பந்தில் அவர் வீட்டு ஓடு ஒன்று உடைந்தது. உடனே விளையாட்டு மைதானத்தைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, அதை நிரந்தரமாக மூடும்படி போலீசுக்கு மனு எழுதினார். ‘இந்தக் காலத்துச் சிறுசுகள்தான் குற்றவாளிகள். எங்கள் காலத்தில் இப்படி உண்டா? கணக்கெடுத்துப் பாருங்கள்’ என்று கடைசியில் ஒரு வரி வேறு.

எஸ்.ஐ. சத்யப்பிரியா நிஜமாகவே எடுத்துப் பார்த்துவிட்டார். நாற்பது வருடக் கணக்கை ஓர் அட்டையில் எழுதி, கோயில் வாசலில் ஊரைக் கூட்டித் தூக்கிப் பிடித்தார்.

"போன வருஷம் பெரியவங்க மேல பதினோரு கேஸ். வரப்புத் தகராறு, மடை உடைச்சது, கல்யாண வீட்டு அடிதடி. பதினெட்டு வயசுக்குக் கீழ ஒண்ணுமில்ல."

பையன்கள் விசிலடித்தார்கள்.

"எங்க காலத்தச் சொல்லுங்கம்மா!" என்றார் சோணைமுத்து. நுணலும் தன் வாயால் கெடும்.

"எண்பத்தாறுல பெரியவங்க ரெண்டு பேரு, சிறுசுங்க அஞ்சு பேரு. பக்கத்து ஊர்ப் பிள்ளையாரத் தூக்கிட்டு அஞ்சு பயலுக ஓடுனத பூசாரி பாத்தாராம். ஆளும் சிக்கல, சிலையும் சிக்கல."

சோணைமுத்து கோயிலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பதினாறு வயதில் அவர் தூக்கிவந்து கண்மாயில் போட்டு, மறுநாள் அவரே ‘கண்டெடுத்த’ பிள்ளையார்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். தானாக வந்த சாமி என்று ஊர் நம்புகிறது. தலைவர் பதவியே அதனால் வந்ததுதான். தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். வாயை இறுக மூடிக்கொண்டார்.

"ஒரு பிள்ளையாரத் தூக்க அஞ்சு பேரா?" என்றான் பந்தாட்டக் கேப்டன் மாரிச்செல்வம். "சோத்துக்குச் செத்த பயலுக போல!"

எல்லோரும் சிரித்தார்கள். சோணைமுத்து பல்லைக் கடித்துப் பொறுத்தார். மனுஷனுக்கு எவ்வளவுதான் பொறுக்க முடியும்?

"ஏலே! எங்கனடா இருந்தானுக அஞ்சு பேரு? நான் ஒருத்தன்தான்டா தூக்குனேன்! ரெண்டு மைலு, ஒரே ஓட்டமா!"

ஊரே உள்ளே இருந்த பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி கருத்தம்மாள்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "திருடிட்டு வந்த பிள்ளையாருக்குத்தான் சக்தி கூட" என்றாள். கூட்டமும் போட்டுக்கொண்டது.

சத்யப்பிரியா பேனாவை எடுத்து, அட்டையில் ஐந்தை அடித்து ஒன்று என்று திருத்தினார்.

"நீங்க சொன்னது சரிதான்யா. உங்க காலத்துல சிறுசுங்க குற்றம் ரொம்பக் கம்மி. இருந்த ஒண்ணும் நீங்கதான். சாவியக் குடுங்க."

சோணைமுத்து மடியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். சாவி போன பிறகும் கையை மடக்காமல் அட்டையைச் சுட்டிக் காட்டினார்.

"அந்த ஒண்ணுக்குப் பக்கத்துல பேரையும் எழுதிருங்கம்மா" என்றார்.