என் கையில் இல்லாதவை

அந்த வீட்டின் பெரிய மருமகளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. நேரம் இத்தனை சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம், லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு அவள் டீ குடிக்கிற நேரம் அது. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, மேலே வீடு. அண்ணனும் தம்பியும் சரக்கு எடுக்கிறோம் பேர்வழி என்று ஊர் சுற்றுவார்கள். கடையை ஓட்டியது அவர்களுடைய மனைவிமார்தான். பெரியவள் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை அளவுக்குத் தேய்த்து பிரேமில் மாட்டுவாள். சின்னவள் முன்னறையில் கண் பரிசோதனை செய்வாள்.

டம்ளரை எடுக்க வந்த சின்னவள் போகிற போக்கில் சொன்னாள்.

"கவனிச்சீங்களாக்கா? நம்ம வாலு இப்பல்லாம் பரீட்சை அன்னிக்கு வாந்தி எடுக்கறதே இல்ல."

வாலு என்பது பெரியவளின் ஒரே மகள். பதினாறு வயது. இப்போது எடுப்பதில்லை என்றால், முன்பு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்றல்லவா அர்த்தம்? பெற்றவளுக்கு அது இந்த நிமிஷம்தான் தெரிகிறது.

"ம், கவனிச்சேன், கவனிச்சேன்" என்றாள் பெரியவள். பச்சைப் பொய்.

இந்தச் சின்னவள் முன்பெல்லாம் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் குழாயடி, துணி காயப்போடும் கம்பி, அலமாரியின் மேல் தட்டு என்று எதையும் விட்டுவைக்காமல் சண்டை போட்டவர்கள். நல்ல காரசாரமான சண்டை, ஒரு வாரம் தாங்கும். அப்படி இருந்தவள் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்த ஏதோ ஒரு வகுப்புக்குப் போனாள். மனோதத்துவமும் தத்துவமும் கலந்து, அன்றாட மன அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். பத்தே வாரத்தில் ஆள் அடியோடு மாறிவிட்டாள். குழாயை நீங்களே முதலில் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறாள். குரலைக்கூட உயர்த்துவதில்லை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம், "முதல்ல காட்டினது தெளிவா இருந்துதா, இப்ப காட்டறது தெளிவா இருக்கா?" என்று கேட்பாளே, அதே குரலில்தான் வீட்டிலும் பேசுகிறாள். இப்படிப்பட்ட ஆளோடு எந்த மனுஷி சண்டை போட முடியும்?

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த வகுப்பில் கற்றதையெல்லாம் பெரியவளின் மகளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக வீசிவிட்டு அந்தப் பெண் நேரே முன்னறைக்குப் போகும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் குனிந்து பேசும். மெஷின் சத்தத்தில் பின்னறைக்கு ஒன்றும் கேட்காது. மெஷினை நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள். சித்தியும் மகளும் கொஞ்சிக்கொள்கிறார்கள், நல்லதுதானே என்று இத்தனை நாளும் பெரியவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். வாந்தி விஷயம் தெரிந்த பிறகு அந்தச் சமாதானம் செல்லவில்லை.

அன்று மத்தியானம் ஒரு லாரி டிரைவரின் கண்ணாடியை மாட்டினாள். வட்டப் பிரேம். வலது கண்ணுக்கான லென்ஸை இடது பக்கத்திலும் இடதை வலது பக்கத்திலும் மாட்டி, திருகாணியையும் இறுக்கி, துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். பதினான்கு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு அவள் கையால் நடந்ததில்லை. மறுநாள் காலை டிரைவர் வந்து, "ரோடே சாய்ஞ்சு தெரியுதும்மா, நான் வண்டி ஓட்டறதா, கப்பல் ஓட்டறதா?" என்று முன்னறையில் குதித்தார்.

சின்னவள் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சமாதானப்படுத்தினாள். பிறகு கண்ணாடியைப் பின்னறைக்கு எடுத்து வந்து மேஜைமேல் மெல்ல வைத்தாள்.

"அக்கா, பக்கம் மாறிடுச்சு போல. பரவால்ல, அஞ்சு நிமிஷ வேலைதான்."

"என்ன பரவால்ல? மனுஷன் எதுலயாவது கொண்டுபோய் மோதியிருந்தா?"

"மோதலையே. நடக்காததை நினைச்சு ஏன் பயப்படணும்?"

"எம்மேல கோவமே வரலையா உனக்கு?"

"வந்துச்சு. கோவம்னு பேர் வெச்சேன், போயிடுச்சு." சின்னவள் சிரித்தாள். "வகுப்புல சொல்வாங்கக்கா. மனசுல என்ன வருதோ அதுக்குச் சரியான பேரை வெச்சுட்டா பாதி இறங்கிடும்."

அவள் போன பிறகு பெரியவள் திருகாணிகளைக் கழற்றியபடி தானும் முயன்று பார்த்தாள். யாருக்கும் தெரியாமல்தான். அலுப்பு என்று வைத்தாள். இறங்கவில்லை. பசி என்று வைத்தாள். அப்போதுதான் சாப்பிட்டிருந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் பொறாமை என்று வைத்தாள். பாதி என்ன, கடுகளவுகூட இறங்கவில்லை. பேர் வைத்த நாய்க்குட்டி மாதிரி, கூப்பிடும் முன்பே ஓடி வந்து காலைச் சுற்ற ஆரம்பித்தது.

என் பெண்ணை இவள் தூக்கிக்கொண்டு போகிறாள். அதுதான் விஷயம். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. இதைக் கணவனிடம் சொன்னால் சிரிப்பான், மகளிடம் சொன்னால் மானம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மகள் தோழியோடு படிக்கப் போயிருந்தாள். படுக்கை விரிப்பை மாற்றுகிறேன் என்று பெரியவள் அவள் அறைக்குள் போனாள். விரிப்பை மாற்றவும் செய்தாள், அந்த அளவுக்கு நியாயமானவள்தான். ஆனால் கண்ணெல்லாம் மேஜைமேல் இருந்த நீல அட்டை நோட்டில் இருந்தது. சின்னவளிடமும் இதே மாதிரி ஒன்று உண்டு. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை போல.

எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சித்தி, சித்தி என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். பார்த்து நன்றாக வயிறெரிய வேண்டும். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள்.

சித்தி எங்கேயும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'என் கையில் இருப்பவை'. வலப்பக்கம் 'என் கையில் இல்லாதவை'.

இடப்பக்கத்தில் மகளின் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: எத்தனை மணிக்குத் தூங்குவது. முதலில் எந்தப் பாடம். மூச்சு. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பது. எதை யாரிடம் சொல்வது.

வலப்பக்கத்தில்: கேள்வித்தாள். மழை. பஸ் வரும் நேரம். எதிர்வீட்டு நாய். அம்மா.

அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு குறிப்பு. 'மழை மாதிரிதான். பதில் பேச வேண்டாம். சரி என்றால் போதும். தானாக நின்றுவிடும்.'

பெரியவள் புது விரிப்பின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தேதியைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முந்தையது. மூன்று மாதமாகத்தான் மகள் எதிர்த்துப் பேசுவதே இல்லை. எதைச் சொன்னாலும் சரிம்மா. "எங்க பொண்ணு இப்ப ரொம்பப் பக்குவமாயிட்டா, நான் வளர்த்த வளர்ப்பு அப்படி" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறாள் இவள். அத்தனை சரிம்மாவும் குடையா? நாய்க்கு அடுத்த வரியிலா நான்?

அழுகை வரவில்லை. மகளுக்கு நாயைவிடத் தன்மேல் பயம் குறைவா கூடவா என்று ஒரு கணம் யோசித்தாள், பிறகு அப்படி யோசித்ததற்கே வெட்கப்பட்டாள். இந்த வலியைச் சின்னவள் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. கோடு போடக் கற்றுக்கொடுத்தது வேண்டுமானால் அவளாக இருக்கலாம். அம்மாவை எந்தப் பக்கம் எழுதுவது என்று மகள்தான் முடிவு செய்திருக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்கு மகள் வந்தாள். அம்மா தன் கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"என்னடி தலை இது, காக்கா கூடு மாதிரி? அவுத்துக் கட்டு."

"சரிம்மா."

"வேணாம், அப்படியே இருக்கட்டும்."

"சரிம்மா."

"சாயங்காலம் எங்கயும் போகக் கூடாது. சினிமா கிடையாது."

போன வாரமே அனுமதி கொடுத்திருந்த சினிமா அது. மகளின் கன்னம் ஒரு முறை துடித்தது. மூச்சை இழுத்து, மெதுவாக விட்டாள்.

"சரிம்மா."

ஐயோ, இது என்ன கொடுமை! கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளோடு பேசுவது போல இருந்தது. பெரியவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உன் நோட்டைப் படிச்சேன்" என்றாள்.

மகள் மூச்சை இழுத்தாள். இந்த முறை அது மெதுவாக வெளியே வரவில்லை.

"என்னது? படிச்சியா? யாரைக் கேட்டு என் நோட்டைத் தொட்ட? எனக்குன்னு ஒரு இடம் கூட இருக்கக் கூடாதா இந்த வீட்ல?"

பை கட்டிலில் வந்து விழுந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"நீ வாந்தி எடுத்ததை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்! போன வருஷம் கணக்குப் பரீட்சை அன்னிக்குச் சொன்னேன். வயித்தைப் புரட்டுதும்மான்னேன். நீ என்ன சொன்ன? படிக்காதவங்களுக்குத்தான் புரட்டும்னு சொல்லிட்டு மெஷினைப் போட்டுட்ட. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. அதுதான் இன்னும் மோசம். இல்லை என்று வாதாட நாக்கின் நுனிவரை வார்த்தை வந்தது. நான் எதுக்காக உழைக்கிறேன் என்று ஆரம்பித்திருந்தால் அரை மணி நேரம் தாராளமாகப் பேசலாம். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினாள்.

சத்தம் கேட்டுச் சின்னவள் அறை வாசலுக்கு ஓடி வந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர், முகத்தில் அந்தப் பொல்லாத அமைதி.

"வாலு, இங்க பாரு. மூச்சை மெதுவா இழு. நாலு எண்ணு. இப்ப மனசுல என்ன வருதோ அதுக்கு ஒரு பேரு…"

"நீங்க சும்மா இருங்க சித்தி! நான் அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்!"

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரும் கையுமாக அப்படியே நின்றாள். பெரியவளின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குப்பென்று கிளம்பியது. கேவலமான சந்தோஷம்தான். பெற்ற பெண் கண்ணீரும் கோபமுமாகத் தன்னைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தாயும் படக் கூடாத சந்தோஷம். இருந்தாலும் அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"இன்னும் இருக்கா?" என்று மகளிடம் கேட்டாள்.

"நிறைய இருக்கு!"

பெரியவள் நகர்ந்து உட்கார்ந்து, பையைத் தள்ளி, கட்டிலில் இடம் விட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்" என்றாள். "முதல்ல கதவைச் சாத்து. உங்க சித்திக்குக் கேக்கும்."