ட்ரொலி பஸ்ஸைப் பற்றி நாற்பது நிமிடம்

சண்டை முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொல்லி இரண்டு நாளாகியிருந்தது. இரத்தினவேல் போனைக் கையிலேயே வைத்திருந்தார். குளிக்கப் போனாலும் அது சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. வன்னியில் அகப்பட்ட தங்கச்சி மங்கையற்கரசி, புருசன், இரண்டு பிள்ளைகள். ஏப்ரலுக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

அன்று காலை நீக்கிலாஸ், கனடாவில் வோபர்ன் பகுதியிலிருந்த அவர் வீட்டுக்கு வந்து பெல்லை அடித்தார். இருவரும் ஒருகாலத்தில் பே வீதியில், மேலே போகும் மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ் ஓட்டியவர்கள். தொண்ணூற்று மூன்றில் அந்தப் பஸ்களை நிறுத்தியதும் எல்லாரும் மறந்தார்கள். நீக்கிலாஸ் மட்டும் பழைய ஓட்டுநர்களின் கதைகளைப் பதிந்து சேர்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வெள்ளைக்காரர் கதைச்சிட்டாங்கள். தமிழிலை ஒண்டும் இல்லை."

"இண்டைக்கோ அண்ணை?"

"இண்டைக்குத்தான். உந்த ரீவியை இன்னும் பார்த்தியெண்டால் விசராக்கிப்போடும்."

மேசையில் பதிவுக் கருவியை வைத்தார். "போனை அடக்கிப்போட்டு உள்ளை வை. பக்கத்திலை கிடந்தால் பதிவிலை கிர்ரெண்டு இரையும். அரை மணித்தியாலம்தான்ரா."

இரத்தினவேல் தயங்கினார். கிழமைக்கணக்கில் அடிக்காத போன். சத்தத்தை நிறுத்தி, அறையில் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

முதலில் வாய் வரவில்லை. பிறகு வந்தது. கூரையிலுள்ள இரண்டு தடிகளும் மின்கம்பியை விட்டு விலகினால் பஸ் அந்த இடத்திலேயே செத்துப்போகும். ஓட்டுநர் இறங்கி, பின்னால் போய், கயிற்றைப் பிடித்துத் தடியைத் திரும்பக் கம்பியில் ஏற்றவேண்டும்.

"என்ரை முதல் வின்டர். கையுறை சீட்டிலை. கயிற்றை இழுக்கிறன், தடி ஆடுது, கம்பி பிடிபடேல்லை. ஒரு கிழவி யன்னலைத் திறந்து கேட்டாள், மீன் பிடிக்கிறியோ எண்டு."

நீக்கிலாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். இரத்தினவேலும் சிரித்தார், பழக்கம் விட்ட முகம் இழுத்து நொந்தது. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் பயணிகளின் பெருமூச்சுக்கூடக் கேட்கும் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். அரை மணி நாற்பது நிமிடமாயிற்று.

அறைக்குள் போய்த் தலையணையைத் தூக்கினார். இலங்கை எண்ணொன்றிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள்.

அந்த எண்ணுக்குத் திரும்ப எடுத்தார். மூன்றாம் தரம் ஒரு ஆண்குரல் கேட்டது.

"தம்பி, இந்த நம்பரிலை இருந்து கனடாவுக்கு எடுத்தது ஆர்?"

"இது முகாம் ஐயா. என்ரை போனிலை ஆக்கள் வரிசையா எடுக்கினம். ஒரு அம்மா ரெண்டுதரம் எடுத்துப் பார்த்தா. அடுத்த ஆளுக்குக் குடுக்கவேணுமெல்லே. போயிட்டா."

"இடக் கன்னத்திலை மச்சம் இருந்ததோ?"

"ஓம், பெரிய மச்சம்."

இரத்தினவேல் சுவரில் கையை ஊன்றினார். "பிள்ளையளும் கூட நிண்டினமோ?"



"தனியத்தான் நிண்டவ, ஐயா."

"நாளைக்கு வருவாவோ?"

"தெரியாது. இஞ்சை ஆயிரக்கணக்கிலை சனம்."

போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, கட்டிலில் வைத்து, அதற்கெதிரே உட்கார்ந்தார். நீக்கிலாஸ் வாசலில் நின்றார்.

"நான்தான்ரா உள்ளை வை எண்டனான்," என்றார் நீக்கிலாஸ்.

இரத்தினவேல் போனை எடுத்து, சத்தம் கூடித்தான் இருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தார்.