மாற்றுக் கடிதம்

மகள் அப்பாவின் வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸ் அதைச் சொன்னாள்.

"சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க. நாளைக்குள்ள வந்துட்டா நல்லது."

முன்பெல்லாம் அந்தப் பல்செட்டைக் கட்டைவிரலால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். இப்போது தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ஈறு அவ்வளவு வற்றியிருந்தது. மகள் பல் லேபில் பன்னிரண்டு வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்துகொண்டிருப்பவள். அப்பாவின் பல்லும் அவள் கையால் செய்ததுதான். அதைக் கழுவிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றாள். யாருக்குச் சொல்வது? லேப் முதலாளிக்குச் சொல்லலாம்; எப்படியும் லீவு கேட்க வேண்டுமே. எதிர் வீட்டுக்காரரிடம் சொல்லலாம்; அவர் "அப்படியா" என்பார். அதற்கு மேல் விரல் நகரவில்லை. முப்பத்தெட்டு வயதாகிவிட்டது, அப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல்லி அழ ஒரு நம்பர் இல்லை. அது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

நர்ஸ் சும்மா இருக்கவில்லை. சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்த்துவிட்டு, சபையில் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்களே என்றாள். மகள் கிண்ணத்தை மூடினாள்.

சிக்கலே அங்கேதான். அப்பா லிப்ட் மெக்கானிக். பதினாலு வருஷத்துக்கு முன்னால், அம்மா போன மறு வருஷம், சபையில் கமிட்டித் தேர்தல் வந்து ஜனம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி சர்ச் கதவில் பூட்டுப் போட்டது. மற்றக் கட்சி சளைத்ததா என்ன, அதன் பக்கத்திலேயே இன்னொரு பூட்டுப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் பாட்டுப் புத்தகமும் கையுமாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, அப்பா வீட்டுக்குப் போய் டூல் பாக்ஸைக் கொண்டுவந்து இரண்டு பூட்டையும் அறுத்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கடைசி ஆள் வரை உள்ளே விட்டார். அவர் மட்டும் போகவில்லை. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் அந்தப் படியேறி மகள் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் வீட்டையும் ஊரின் மறுகோடிக்கு மாற்றினார். ஞாயிறு ஒன்பது மணிக்கு எதிரெதிராக இரண்டு நாற்காலி. அப்பா வசனம் வாசிப்பார், மகள் பாடுவாள். அவ்வளவுதான் ஆராதனை. தனி மரம் தோப்பாகாது என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தோப்பில் நின்ன மரம் என்னத்தைக் காய்ச்சுக் கிழிச்சுது என்று கேட்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான். ஆனால் அவளைக் கட்டிப்போட்டது அந்தப் பேச்சு இல்லை. வேறொன்று சொல்வார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தன் வந்து நம்ம கதவைத் தட்டினானா? இருக்கோமா செத்தோமான்னு கேட்டானா? அதான் பாப்பா உன் சபை."

உண்மையிலேயே யாரும் வரவில்லை. அவளுக்குக் கல்யாண வயது வந்து, நின்று, தாண்டியும் போனது. சபை வழியாக வர வேண்டிய வரன்களும் வரவில்லை. நம்மை யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று அவளும் மனசை ஆற்றிக்கொண்டுவிட்டாள். போன மாசம் அப்பா, அம்மாவுக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கும்படி கேட்டார். அந்தக் கல்லறைத் தோட்டம் சபையுடையது. வாழ வேண்டாத சபை சாக மட்டும் வேணுமா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கூட இருக்கிறேன், சபையில் போய்ப் பேசிவிட்டு வாங்க என்றாள் நர்ஸ்.

சபைச் செயலாளர் ஒரு தையல்காரர். அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, சுருதியோடு சண்டை போட்டுக்கொண்டு பாடுவார். கடை அதே இடத்தில் இருந்தது. ஒரு பேன்ட்டின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தவருக்கு அவளை அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் பிளேடைக் கீழே வைத்தார்.

"எப்பம்மா திரும்பி வந்தீங்க?"

"எங்கேருந்து அங்கிள்?"

"வேலை மாத்தலாகி வெளியூர் போனீங்களே."

நாங்கள் எங்கேயும் போகவில்லையே என்றாள் அவள். தையல்காரர் நிதானமாகச் சொன்னார். பூட்டை அறுத்த அடுத்த வாரமே, ஒரு புதன்கிழமை கூட்டத்துக்கு அப்பா வந்தாராம். வேலை வெளியூருக்கு மாறிவிட்டது, மாற்றுக் கடிதம் வேண்டும் என்று கேட்டாராம். ஊர் மாறுகிறவர்கள் பழைய சபையில் அதை வாங்கிக்கொண்டு போய்ப் புதிய சபையில் கொடுக்க வேண்டும். கடிதம் கொடுத்த அன்றே பழைய சபைப் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவார்கள். எந்த ஊர், எந்தச் சபை என்று அப்பா சொல்லவில்லை. போய்ப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும் என்றாராம். அவருக்காக எல்லாரும் எழுந்து நின்று ஜெபம் பண்ணி வழியனுப்பினார்களாம். மகள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அவளுக்குப் பரீட்சை என்றாராம்.

"யாருமே தேடலியா அங்கிள்?"

"வெளியூர் போனவங்களை எங்கேம்மா தேடறது? ரெண்டு வருஷம் ஜெபத்துல உங்க பேரைச் சொல்லிட்டுதான் இருந்தோம். அப்புறம்…" அவர் மேஜையில் கிடந்த நூலைப் பொறுக்கினார். "விட்டுப்போச்சு."

கல்லறையில் இடம் இருக்கிறது, கமிட்டியில் பேசிக்கொள்ளலாம் என்றார். எத்தனையாவது மாடி என்று கேட்டார். ஐந்தாவது. லிப்டில் சவப்பெட்டி நுழையாது. அப்பாவே ஆறு மாசத்துக்கு முன்னால் டேப் வைத்து அளந்து பார்த்து, "நிமித்தி வெச்சாதான் போகும், நான் வேணா நின்னுக்கிட்டே போயிடறேன்" என்று சிரித்திருந்தார். அன்றைக்கு அவளும் சிரித்தாள். தூக்க ஆறு பேராவது வேண்டும். தையல்காரர் வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்தார். அப்பாவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, மிச்சப் பேருக்கு முழங்கால் இல்லை.

"பாக்கலாம்மா" என்றார். அந்தப் 'பாக்கலாம்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று புரிந்தது. அம்மா கல்லறைக்கு அப்பா எப்போதும் வேலை நாளில், உச்சி வெயிலில்தான் கூட்டிப்போவார். கூட்டம் இருக்காது என்பார். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டில் நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டே, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டு போகிறது என்றாள். பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. கதவு சாத்தியதும் அறை மிகப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

மகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். சாகிறவரிடம் கேட்கக் கூடாதுதான். ஆனால் நாளைக்கு யாரிடம் கேட்பது?

"தையல்கார அங்கிளைப் பாத்துட்டு வந்தேன்."

அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஏம்ப்பா வெளியூர்னு சொன்னீங்க?"

ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரக் காணோம். அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். வந்தது.

"உள்ளூர்னா… தேடி வருவாங்க" என்றார். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் நனைந்து வந்தன. "வந்து கூப்ட்டா… போயிருப்பேன்."

"நான் போயிருப்பேனேப்பா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பார்வையில் ஒரு மன்னிப்பை அவள் தேடினாள். பொக்கை வாய் இரண்டு முறை திறந்து மூடியது. கடைசியில் "டூல் பாக்ஸ்… அடித்தட்டு" என்றார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. வாயோரம் வழிந்ததை அவள் துடைத்துவிட்டாள். வேண்டியதைவிட அழுத்தித் துடைத்துவிட்டோம் என்று பிறகு தெரிந்தது. கன்னம் சிவந்திருந்தது.

பொழுது விடிகிற சமயத்தில் அடுத்த மூச்சு வரவில்லை. அவள் வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். தாடை விறைக்கும் முன் பல்லை வைத்தாக வேண்டும்; எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தொழில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. அளவு இப்போது பொருந்தவில்லை. பசை தடவி ஈறோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஏமாத்திட்டீங்களேப்பா" என்று சொல்லி அழுதாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது.

டூல் பாக்ஸின் அடித்தட்டில், கிரீஸ் படிந்த துணிக்குக் கீழே கடிதம் இருந்தது. பின்வரும் அங்கத்தினர்களை உங்கள் சபையில் அன்போடு சேர்த்துக்கொள்ளவும் என்று போதகர் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்பா பேர், அதற்குக் கீழே அவள் பேர். பெறுநர் என்ற இடம் காலியாக இருந்தது.

தையல்காரருக்குப் போனில் சொன்னாள், பெட்டிக்கும் சொன்னாள். பெட்டி பத்து மணிக்கே வந்துவிட்டது. கொண்டுவந்த இருவரும் அதை லிப்டில் நிமிர்த்தி வைத்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கீழே இறக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். லேப் முதலாளி வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர் தனக்கு இடுப்பு வலி என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டார். பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. லிப்ட் மேலே வரும், வேறு ஏதோ மாடியில் நிற்கும், கதவு திறந்து மூடும், கீழே போகும். ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து நின்றாள். ஒருத்தன் வந்து கதவைத் தட்டினானா என்று அப்பா பெட்டிக்குள்ளிருந்து கேட்கிற மாதிரியே இருந்தது. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ என்ற எண்ணம், அழுகையைவிடக் கொடுமையாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

இரண்டரைக்குக் கதவைத் தட்டினார்கள்.

தையல்காரர் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் படிக்கட்டு வரை ஆண்கள். லிப்டில் நான்கு பேருக்கு மேல் ஏற முடியவில்லையாம், மற்றவர்கள் படியேறி வந்து இரைத்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேர். அப்பாவைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு அவர் பேர்கூடத் தெரியவில்லை. தலை எந்தப் பக்கம் என்று ஒருவர் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

அவள் கடிதத்தைத் தையல்காரரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு மடித்து அவளிடமே கொடுத்தார்.

"துக்கத்துக்குக் கடிதாசி கேக்க மாட்டோம்மா. அப்பாவை நாங்க கொண்டுபோறோம். உன் பேரை நீதான் கொண்டு வரணும்."

ஐந்து மாடியும் இறக்கினார்கள். திருப்பங்களில் பெட்டியைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அது சரியும்போல் ஆடியது, யாரோ ஒருவர் "இரு, இரு" என்றார், யாரோ ஒருவர் தோளைக் கொடுத்தார். மகள் பின்னாலேயே வந்தாள். பதினாலு வருஷம் அந்தப் படிகளில் இத்தனை பேர் காலடிச் சத்தம் கேட்டதில்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் முடிந்தது. போதகர் புதியவர், சுருக்கமாக ஜெபித்தார். மண்ணைப் போட்டவர்கள் கையைத் தட்டிவிட்டு, குழாயடியில் கழுவிக்கொண்டு, நாளைய ஆராதனைக்கு யார் பாட்டு என்று பேசியபடி கேட்டைப் பார்த்து நடந்தார்கள். அவர்களுக்கு நாளைக்கு ஞாயிறு. அவளுக்கும் ஞாயிறுதான். தையல்காரர் வந்து, வேனில் ஏறிக்கொள், வழியில் இறக்கிவிடுகிறோம் என்றார்.

வேனின் கதவு திறந்திருந்தது. நேராகக் கல்லறைக்கு வந்திருந்த பெண்கள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். ஜன்னலோரம் இருந்த பருத்த பெண்மணி, பக்கத்து இருக்கையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"உக்காருங்க" என்றாள். பிறகு, வழித்துணையாக வருகிற யாரிடமும் கேட்பதுபோல, "நீங்க எந்தச் சபை?" என்று கேட்டாள்.

டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, படியில் நின்றவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.