ரோட்டருக்குள் உருகியது

அக்காள் ரோட்டரைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் கொட்டவில்லை.

பென்சில் துண்டைவிடச் சிறிய பீங்கான் குப்பி அது. லித்தியம் உப்பு கலந்த பாலிமர் படலத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி அதில் அடைத்து, பெரிய காந்தத்துக்குள் இறக்கி, காற்றை ஊதிச் சுற்றவிட்டு, வருகிற சிக்னலை வைத்து உள்ளே லித்தியம் எப்படி நகர்கிறது என்று சொல்வது அவள் வேலை. என்.எம்.ஆர். எனப்படும் அந்தக் காந்தக் கருவி இருக்கும் அறைக்கு அவள்தான் ராணி. அதே பாலிமரைக் கொண்டு பேட்டரி செய்வது தங்கையின் வேலை. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே ஆய்வுக்கூடம், ஒரே பேராசிரியர்.

சாதாரண அறை வெப்பத்திலேயே லித்தியம் தாராளமாக ஓடுகிறது என்றது அக்காளின் சிக்னல். பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தங்கை செய்த பேட்டரிகளோ மேசைமேல் செத்துக் கிடந்தன. பழி யார் தலையில் விழும் என்று கேட்கவா வேண்டும்!

"ஈரம் படாம செய்யுன்னு எத்தன தடவ சொல்றது? உன் கையில சுத்தமே இல்லடி." எல்லோர் எதிரிலும் இப்படிச் சொல்ல அக்காளுக்கு வாய் கூசவில்லை.

"உன் பக்கமும் ஒரு தடவ சரி பாரேன்க்கா."

"என் மெஷின் பொய் சொல்லாது."

அதோடு பேச்சு முடிந்தது. இன்றைக்குத் தங்கையை வேலையில் வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று பேராசிரியர் முடிவு சொல்ல வேண்டும்.

மெல்லிய கம்பியால் நோண்டியதும் உள்ளே இருந்தது ஒரே துண்டாக வெளியே வந்தது. பொடியாகப் போட்டது, நடுவில் ஓட்டை விழுந்த குழாயாக வந்திருந்தது. சுற்றும்போது உருகிச் சுவரோடு அப்பியிருக்கிறது. அறை வெப்பத்தில் உருகுகிற பாலிமரா இது?

அக்காள் திரையை நிமிர்ந்து பார்த்தாள். அதில் இருபத்தைந்து டிகிரி என்றுதான் இருந்தது. ஆனால் அது ஊதுகிற காற்றின் சூடு. வேகமாகச் சுற்றும் ரோட்டர் காற்றோடு உரசி உள்ளே சூடேறும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பழைய தடித்த ரோட்டருக்கு அந்தச் சூட்டை அளந்து வைத்திருந்தாள். இந்தப் புதிய ஒல்லி ரோட்டர் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றியது. அதற்கும் அளக்க மகராணி மெனக்கெடவில்லை.

ரோட்டரில் ஈய நைட்ரேட் பொடியை அடைத்து அதே வேகத்தில் சுற்றவிட்டாள். சூடு ஏற ஏற அதன் சிக்னல் இடம் மாறும், அதைப் பார்த்து உள்ளிருக்கும் சூட்டைச் சொல்லிவிடலாம். கணக்குப் போட்டாள். அறுபத்தைந்து டிகிரி. திரும்பப் போட்டாள். அறுபத்தைந்தேதான். அந்தச் சூட்டில் உருகிப்போன பாலிமரில் எந்த லித்தியம்தான் ஓடாது? குழாயை எடுத்துக்கொண்டு தங்கையிடம் ஓடினாள்.

தங்கை ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டியில் பொருத்திய ரப்பர் கையுறைகளிலிருந்து கைகளை உருவிக்கொண்டிருந்தாள். கழுவிக் கழுவி விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

"தப்பு உன்னுது இல்லடி, என்னுது! ரோட்டர் சூடாகி எல்லாம் உருகியிருக்கு. உன் பேட்டரிதான் நெஜத்த சொல்லியிருக்கு. வா, சார்கிட்ட போகலாம்."

தங்கை நகரவில்லை. "நான் போயிட்டு வந்துட்டேன்க்கா."

"போயி?"

"கையுறைல ஓட்டை இருந்துச்சு, ஈரம் அது வழியா போயிடுச்சு, நான்தான் கவனிக்கலன்னு சொன்னேன். நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாரு."

"ஓட்டையா? எங்க, காட்டு!"

தங்கை கையுறையை வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல. ஆனா நீயே சொல்றப்ப, எங்கயாவது இருக்கத்தானே வேணும்?"

அக்காள் தங்கையின் கையைப் பிடித்தாள். வெடித்த தோல் சொரசொரவென்று உள்ளங்கையில் உறுத்தியது. பேராசிரியரின் அறைவரை அந்தக் கையை அவள் விடவில்லை.