உவர் மண்ணில் ஒரு தென்னம்பிள்ளை

என் வீட்டுக்காரர் அமிர்தநாதனுக்கு அவசரம் கூடவே பிறந்தது. தென்னம்பிள்ளையின் அடியோலைகள் நுனி கருகியதைப் பார்த்ததும் கடப்பாரையைத் தூக்கிவிட்டார்.

"செத்துப்போச்சு விமலா. புடுங்கிப்போட்டு வேற வெக்கலாம்."

"தொட்டீங்கன்னா இன்னைக்குச் சோறு கெடையாதுங்க, ஆமா" என்றேன்.

அது எங்களுக்கு வெறும் செடியில்லை. அவருடைய அப்பா கொடுமுடிப் பக்கம் அடுத்தவர் தோப்புகளில் ஆயுசு முழுக்க மரமேறியவர். ஓர் இளநீர்கூட வீட்டுக்கு எடுத்துவர முடியாது. நாங்கள் நகரத்துக்குப் போய், கணபதியில் பட்டறை வேலை பார்த்து, அறுபதை நெருங்கும்போதுதான் அப்பா மரமேறிய அதே கொடுமுடிப் பக்கம் ஐந்து சென்ட் வாங்கினோம். உவர் மண், கிணற்றுத் தண்ணீரும் உப்பு. அதனால்தான் எங்கள் கைக்கெட்டிய விலைக்குக் கிடைத்தது.

மறுநாள் வேளாண் அலுவலகத்திலிருந்து சைதன்யா வந்தார். குழி மண்ணைக் கரைத்து, உப்பை அளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"சுத்தியிருக்கற மண்ணைவிட இங்க ரொம்ப ஜாஸ்திங்க. குழியில உப்புப் போட்டீங்களா?"

தென்னை வைக்கும்போது குழியில் உப்புப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் தலையைக் குனிந்தேன். "ரெண்டு கிலோ போட்டனுங்க. இவரு மறந்திருப்பாருன்னு..."

"நானும் ரெண்டு கிலோ போட்டனே!" என்றார் இவர். "நீ மறந்திருப்பேன்னு."

முப்பத்தைந்து வருடக் குடித்தனம். ஒருவர் ஞாபகத்தின்மேல் இன்னொருவருக்கு அவ்வளவு நம்பிக்கை! சைதன்யா சிரித்தேவிட்டார். பிறகு அடியோலையைத் தொட்டுக் காட்டினார்.

"உள்ள வந்த உப்பையெல்லாம் இந்தப் பழைய ஓலைக்குத் தள்ளிப்போட்டு, குருத்தைக் காப்பாத்திட்டிருக்குதுங்க. உசுரோடதான் இருக்குது. நல்ல தண்ணியா நெறைய ஊத்தி, உப்பை வேருக்குக் கீழ எறக்கி உடுங்க."

அன்றிலிருந்து காவிரித் தண்ணீரை மொபெட்டில் கேன் கேனாகக் கொண்டுவந்தார். முட்டி வலிக்கு மாத்திரை விழுங்குகிற மனுஷன், ஒரு நடை தவறவில்லை. பார்க்கப் பார்க்க அவர்மேல் எனக்குப் புதுசாய் ஆசை வந்தது. சொல்ல என்ன வெட்கம்?

மூன்றாம் மாதம் குருத்து விரிந்தது. நுனிவரை பச்சை. ஓலையைத் தடவிப் பார்த்தவர், பட்டறைக் கூட்டாளிக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க பிரான்சிஸு, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வாங்க. எங்க தோப்புல புது ஓலை உட்டிருக்குதுங்க."

தோப்பு என்றார். இருப்பது ஒரே மரம். நான் திருத்தவில்லை.