வாயால் சொன்னால் போதும்

நர்சிங் பள்ளியில் அவளுக்குப் பொம்மைதான் நோயாளி. மூச்சுத் திணறல் என்றால் அதற்கு ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக் காட்ட வேண்டும். பள்ளியில் டாக்டருக்கு எங்கே போவது? "டாக்டரைக் கூப்பிடுறேன்" என்று வாயால் சொன்னாலே மார்க் விழுந்துவிடும். பொம்மைக்கென்ன, செத்தாலும் மறுநாள் பிழைத்துக்கொள்ளும். வகுப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வார்டில் முதல் நாளே ஒரு பெரியவருக்கு மூச்சு இழுத்தது. அவள் பதறவில்லை. தலையணையை உயர்த்தி, ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினாள்.

"டாக்டரைக் கூப்பிடுறேன்," என்று கணீரென்று சொல்லிவிட்டு நாடியைப் பிடித்தபடி நின்றாள்.

பெரியவரின் உதடு நீலம் பாரித்தது.

"டாக்டரை இன்னும் காணோமேம்மா?" என்றாள் அவருடைய மகள்.

"கூப்பிட்டாச்சுக்கா. வந்துடுவார்."

"எப்பம்மா கூப்பிட்டே? நீ இங்கேருந்து நகரவே இல்லையே!"

அவள் விரலுக்கடியில் நாடியைக் காணோம்.